எழுமா என்று தெரிந்துகொண்டு அணையுங்கள்

(கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி அரங்கில், கணினித் துறை மாணவர்களும் நகரின் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிபவர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று மாலை ஒரே ஒரு பொத்தானைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கிளவுடில் டேட்டாபேஸ் வைத்திருக்கும் எல்லோருடைய திரையிலும் அது இருக்கிறது. அமேசான், அஷூர், கூகுள் எதுவானாலும் மெனுவைத் திறந்தால் ‘ரீபூட்’ என்றோ ‘ரீஸ்டார்ட்’ என்றோ ஒரு வரி. அழுத்தினால் நிச்சயமாகவா என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் முடிந்தது. ஒரு காலத்தில் சர்வரை அணைப்பதென்றால் பூட்டிய அறையைத் திறந்து, அந்தக் குளிரில் நின்று, எந்தப் பெட்டி என்று பார்த்துத்தான் கை வைப்போம். போகிற வழியில் இரண்டு பேரிடமாவது சொல்லியிருப்போம். அவர்களில் ஒருவர் “கொஞ்சம் பொறுங்க, ஒரு வேலை ஓடுது” என்று தடுத்திருப்பார். இப்போது அந்த அறையும் இல்லை, அந்த வழியும் இல்லை.

தரவுத்தளம், மேகக்கணிமை என்று நல்ல சொற்கள் நம்மிடம் உண்டு. நள்ளிரவில் போன் வரும்போது நாம் பேசுகிற சொற்களிலேயே இன்று பேசுகிறேன். கேட்பவர்களுக்கு அதுதான் உதவும்.

பல ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். மாதக் கடைசி. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பீஸ் ரேட் கணக்கை எடுத்துச் சம்பளம் போடும் வேலை மதியம் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். மாலையில் அங்கிருந்த இளைஞர் போன் செய்தார். “அண்ணா, ரெண்டு மணி நேரமா சுத்திக்கிட்டே இருக்குதுங்க. ரீஸ்டார்ட் போட்டுட்டேனுங்க.” கேட்டபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று நிமிடத்தில் சர்வர் எழுந்துவிட்டது. ஆனால் சம்பள டேபிளில் எந்த வரியைத் தொட்டாலும் பூட்டியிருந்தது. அவர் மறுபடி ரீஸ்டார்ட் செய்தார். மறுபடியும் பூட்டு. அன்று இரவு முழுக்க அந்தப் பூட்டு திறக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை. வாசலில் சம்பளத்துக்கு வந்து நின்றவர்களை அவருடன் நானும் பார்த்தேன். அந்த இளைஞர் சோம்பேறியும் அல்ல, அறிவில்லாதவரும் அல்ல. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அவருக்கு யாருமே சொல்லித் தந்ததில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் ஊர்க் கடைகளில் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? கொடுக்கல் வாங்கல் நடந்த உடனே சிட்டையில் ஒரு வரி எழுதுவார். பேரேட்டில் அதை ஏற்றுவது சாவகாசமாக, கூட்டம் குறைந்த பிறகு. நடுவில் விளக்கு அணைந்துபோனாலும் கணக்குத் தவறாது. சிட்டையை வைத்துக்கொண்டு பேரேட்டைச் சரிசெய்துவிடலாம். டேட்டாபேஸும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. எந்த மாற்றமானாலும் முதலில் லாக் என்ற சிட்டையில் எழுதி, அது டிஸ்கில் பதிந்ததை உறுதி செய்துகொள்ளும். உண்மையான டேபிள் பக்கங்கள் நினைவகத்தில்தான் மாறியிருக்கும். அவை டிஸ்குக்கு மெல்லப் போய்ச் சேரும். நீங்கள் திடீரென்று அணைத்தால் பேரேடு பாதியில் நிற்கும். எழும்போது சிட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கை நேர்செய்ய வேண்டும்.

அதை எப்படித் தவறில்லாமல் செய்வது என்பதை வகுத்துக் கொடுத்த ஆய்வுக் கட்டுரை 1992-இல் வெளிவந்தது. அந்த முறைக்கு ‘ஏரிஸ்’ என்று பெயர். அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் அல்மடேன் ஆய்வகத்தில் அதை உருவாக்கிய குழுவின் முதல் ஆசிரியர் சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஐஐடியில் படித்தவர். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உலகில் இன்று ஓடும் பெரிய டேட்டாபேஸ்கள் பலவும் கீழே விழுந்து எழுவதற்கு அவர் எழுதிய வழியை ஏதோ ஒரு வகையில் பின்பற்றுகின்றன.

ஏரிஸ் மூன்று சுற்றாக வேலை செய்கிறது. முதல் சுற்றில் சிட்டையைப் படித்து, விழுந்த நொடியில் எது எந்த நிலையில் இருந்தது என்று கண்டுபிடிக்கும். இரண்டாம் சுற்றில், நடந்தது எல்லாவற்றையும், முடியாத வேலைகளையும் சேர்த்து, அப்படியே மறுபடி நடத்தும். வரலாற்றை அப்படியே திரும்ப நடத்துவது என்பதுதான் இதன் அழகு. மூன்றாம் சுற்றில், முடியாமல் நின்ற வேலைகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி எடுக்கும். திருப்பி எடுத்ததையும் சிட்டையில் எழுதிக்கொள்ளும். நடுவில் மறுபடி விழுந்தாலும் ஒரே வேலையை இருமுறை திருப்பிவிடாமல் இருக்கத்தான் அது.

திருப்பூரில் நடந்தது இந்த மூன்றாம் சுற்று. இரண்டு மணி நேரம் எழுதிய வரிகள் அத்தனையையும் மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி எஞ்சின் பின்னணியில் திருப்பிக்கொண்டிருந்தது. சர்வர் எழுந்தது போலத் தெரிந்தாலும், திருப்பி முடிக்காத வரிகளின் பூட்டை அது விடாது. எழுத ஆன நேரத்தைவிடத் திருப்ப ஆகும் நேரம் கூடுதலாகவும் இருக்கலாம். மறுபடி ரீஸ்டார்ட் செய்வதால் கணக்குக் கெடாது, நேரம்தான் போகும். போஸ்ட்கிரெஸ் வேறு விதம். அதில் முடியாத வேலையின் வரிகளைத் திருப்பி எடுக்கும் சுற்றே கிடையாது. அவற்றைக் கண்ணில் படாதவையாக விட்டுவிடும், பின்னால் வேக்யூம் வந்து கூட்டித் தள்ளும். ஆக, பொத்தானை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த நொடியில் எந்த வேலை, எவ்வளவு நேரமாக ஓடுகிறது? மைஎஸ்கியூஎல்லில் பிராசஸ் லிஸ்ட், போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி. இரண்டு நிமிட வேலை.

பார்த்ததை ஒரு ஃபைலில் சேமித்தும் வையுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது என்பது உண்மைதான். டேட்டாபேஸ் ஆய்வாளர் ஜிம் கிரே 1985-இல் டாண்டம் கணினி நிறுவனத்தில் இருந்தபோது, கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். உற்றுப் பார்க்கப் போனால் மறைந்துவிடும் பிழைகள் உண்டு, திரும்பத் தொடங்கினால் அவை போய்விடும் என்று அதில் விளக்கியிருக்கிறார். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. அவர் கணக்கில் எடுத்த நிறுத்தங்களில் 42 விழுக்காடு, நிர்வகிப்பவர்களின் வேலையிலிருந்து வந்தவை. அதாவது நம் கையிலிருந்து. பிழை மறையும்போது அதன் தடயமும் மறைகிறது. அடுத்த வாரம் அதே பிழை அதே நேரத்தில் வரும், அப்போதும் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

இனி அணைக்கும் விதம். போஸ்ட்கிரெஸுக்கு மூன்று விதம் தெரியும். ‘ஸ்மார்ட்’ என்றால் உள்ளே இருப்பவர்கள் தாங்களாகப் போகும்வரை காத்திருக்கும்; யாரோ ஒருவர் மறந்துவிட்ட கனெக்‌ஷன் ஒன்று போதும், விடிய விடியக் காத்திருக்கும். ‘ஃபாஸ்ட்’ என்றால் எல்லோரையும் வெளியேற்றி, பேரேட்டை முழுதாக எழுதி மூடும். ‘இமீடியட்’ என்றால் அப்படியே விழும். எழும்போதுதான் சிட்டையைத் தேடும். திட்டமிட்ட ரீஸ்டார்ட்டுக்கு ஃபாஸ்ட் போதும். அதற்கு முன் நீங்களே ஒரு செக்பாயின்ட் கொடுத்துவிடுங்கள். நினைவகத்தில் தேங்கிய பக்கங்கள் டிஸ்குக்குப் போய்விடும், அணைக்கும் நேரம் குறையும். இன்னோடிபியிலும் அழுக்குப் பக்கங்களின், அதாவது மாறியும் டிஸ்குக்குப் போகாத பக்கங்களின், வரம்பை முன்கூட்டியே குறைத்து இதே பலனை அடையலாம்.

கிளவுடுக்கு என்று தனியாக ஒரு வலை இருக்கிறது. ரீபூட் என்பதும், ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்வதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அமேசானின் இசி2 சர்வரில் நீங்களே டேட்டாபேஸ் நிறுவியிருந்தால், ரீபூட் செய்யும்போது அது அதே இயந்திரத்தில் இருக்கும். ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் வேறு இயந்திரத்தில் எழும். நிலையான ஐபி வாங்கி வைக்காவிட்டால் வெளி முகவரி மாறிவிடும். இயந்திரத்தோடு ஒட்டிய தற்காலிக டிஸ்கில் இருந்தவை போய்விடும், திரும்ப வராது. வேகமாக இருக்கிறதே என்று டேட்டாவை அந்த டிஸ்கில் வைத்தவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இன்றிரவே போய்ப் பாருங்கள். டேட்டாபேஸை அமேசானே நிர்வகித்துத் தரும் ஆர்டிஎஸ் சேவையில் இன்னொரு விஷயம்: செலவைக் குறைக்க ஸ்டாப் செய்த டேட்டாபேஸ் 7 நாள் கழிந்ததும் தானாக எழுந்துவிடும்.

எழுந்த பிறகு சர்வர் பழைய சர்வராகவே இருக்காது. ஓடும்போது கமாண்டில் மாற்றிய அமைப்புகள், ஃபைலில் எழுதாவிட்டால் மறந்துபோகும். சில அமைப்புகளோ தலைகீழ்: இன்று மாற்றினாலும் அடுத்த ரீஸ்டார்ட் வரை காத்திருந்து அன்றுதான் நடைமுறைக்கு வரும். ஆறு மாதத்துக்கு முன் யாரோ மாற்றிய அமைப்பு, நீங்கள் வேறு எதற்கோ ரீஸ்டார்ட் செய்த அன்று விழித்துக்கொள்ளும். மைஎஸ்கியூஎல்லில் இதைவிட ஆழமான ஒன்று பல ஆண்டுகள் இருந்தது. தானாகக் கூடும் வரிசை எண்ணை இன்னோடிபி நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. கடைசி எண் கொண்ட வரிகளை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், அதே எண் வேறு ஒருவருக்குப் போகும். ஒரு பில் எண் இரண்டு பேருக்கு! 2003-இலேயே இந்தக் குறை பதிவாகிவிட்டது. பதிவு எண் 199. 2018-இல் வெளியான 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது. இன்னும் 5.7-இல் ஓடும் நிறுவனங்களுக்கு அது தீரவில்லை.

நினைவகம் காலியாக எழுவது அடுத்த சங்கடம். நேற்று வரை நினைவகத்திலிருந்து கிடைத்த பக்கங்கள் எல்லாம் இன்று டிஸ்கிலிருந்து வர வேண்டும். எந்தப் பக்கங்கள் சூடாக இருந்தன என்ற பட்டியலை இன்னோடிபி அணையும்போதே எழுதி வைத்து, எழும்போது ஏற்றிக்கொள்ளும். இயல்பு அமைப்பில் அந்தப் பட்டியலில் சேர்வது கால் பங்குப் பக்கங்கள்தான். ஆகவே சர்வர் ‘அவைலபிள்’ என்று திரை காட்டிய உடனே கூட்டத்தை உள்ளே விடாதீர்கள்.

கூட்டம் என்று சொன்னேன். அப்ளிகேஷன்கள் எல்லாம் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். கதவு திறந்த நொடியில் எல்லாம் ஒன்றாக நுழையும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி பிராசஸ்; காலி நினைவகத்தோடு எழுந்த சர்வர் அந்த நெரிசலிலேயே மறுபடி விழும். தட்டுகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பொறுத்து, அதுவும் ஆளுக்கு ஆள் வேறு வேறு நேரத்தில் தட்ட வேண்டும் என்று நிரல் எழுதுபவர்களுக்குச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸுக்கு முன்னால் பிஜிபவுன்சர் வைத்திருந்தால் அதில் ‘பாஸ்’ என்ற கமாண்ட் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் வேலைகள் முடிந்ததும் புதியவற்றை வரிசையில் நிறுத்திவைக்கும். நீங்கள் ரீஸ்டார்ட் செய்துவிட்டு ‘ரெஸ்யூம்’ கொடுத்தால் உள்ளே விடும். பயனாளிக்குச் சில நொடித் தாமதம் தெரியும், பிழைச் செய்தி தெரியாது. சின்னக் கருவி. ஆனால் நான் பார்த்த நல்ல கருவிகளில் அது ஒன்று.

இரண்டு மண்டலங்களில் நகல் வைத்திருந்தால் இவ்வளவு கவலை வேண்டுமா என்று கேட்பீர்கள். வைத்திருப்பது நல்லதுதான். ஆர்டிஎஸ் மல்டி ஏஇசட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வழக்கமாக 60 முதல் 120 நொடிகள் ஆகும். ஆனால் அதே பெயருக்குப் பின்னால் ஐபி மாறுகிறது. பழைய ஐபியை நினைவில் வைத்துக்கொண்டிருக்கும் ஜாவா அப்ளிகேஷன், டேட்டாபேஸ் மாறியது தெரியாமல் மூடிய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். டேட்டாபேஸ் எஞ்சினின் பதிப்பை உயர்த்தும்போது இரண்டு பக்கமும் சேர்ந்தே நிற்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. பராமரிப்பு நேரத்தைக் குறிக்கும்போது அந்த மணி உலகப் பொது நேரம் என்பதை மறந்துவிடாதீர்கள். விடியற்காலை மூன்று மணி என்று நினைத்து 3 என்று போட்டால், இங்கே காலை எட்டரை. வங்கியும் பள்ளியும் ஆலையும் திறக்கிற நேரம்.

இதுவரை சொன்னது எல்லாம் சர்வர் எழும் என்ற நம்பிக்கையில். எழாவிட்டால்?

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸ் நகல் சர்வர் பின்தங்கிவிட்டது. நகலை மறுபடி எடுக்க முயன்றபோது, ஓர் அமைப்பின் எண்ணைக் கூட்டச் சொல்லி பிழைச் செய்தி வந்தது. கூட்டினார்கள். அந்த அமைப்புக்கு ரீஸ்டார்ட் வேண்டும். முதன்மைச் சர்வரை ரீஸ்டார்ட் செய்தபோது அது எழ மறுத்தது. காரணம், கனெக்‌ஷன் வரம்பு 8000 என்று இருந்தது. அது கேட்ட அளவு செமஃபோர்களை இயங்குதளம் தரவில்லை. அதே 8000 ஏறக்குறைய ஓராண்டாக அந்த ஃபைலில் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2000 ஆகக் குறைத்த பிறகு எழுந்தது. நகல் எடுப்பது அப்போதும் கைகூடவில்லை. உலகப் பொது நேரப்படி இரவு பதினொன்றரையை நெருங்கும் நேரத்தில், களைத்துப்போன பொறியாளர் ஒருவர் நகல் சர்வரில் அழிக்க நினைத்த டேட்டாவை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்திவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினார்கள். தினசரி பேக்கப் எடுக்கும் நிரல் பழைய பதிப்பு என்பதால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறு ஒரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். எதையும் மறைக்காமல், மீட்கும் வேலையை யூடியூப்பில் நேரலையாகக் காட்டினார்கள். தொழில் நேர்மை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்த நிறுவனத்தின் அறிக்கையைப் படிக்கச் சொல்வேன்.

அடுத்த மாதமே, பிப்ரவரி 28. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, வட வர்ஜீனியா மண்டலம். சில சர்வர்களை விலக்க ஒரு கமாண்ட் கொடுத்தார்கள். கொடுத்த மதிப்பில் ஒரு பிழை. நினைத்ததைவிட நிறைய சர்வர்கள் விலகின. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறியீட்டு அமைப்பை முழுதாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டிவந்தது. பெரிய மண்டலங்களில் அதைப் பல ஆண்டுகளாக முழுதாக ரீஸ்டார்ட் செய்ததே இல்லை என்று அமேசானே எழுதியது. அந்த ஆண்டுகளில் அது பெருமளவு வளர்ந்துவிட்டது. எழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற பழைய கணிப்பு பொய்யானது. அமெரிக்கப் பசிபிக் நேரப்படி காலை 9:37-க்குத் தொடங்கியது, பிற்பகல் 1:54-க்குத்தான் முழுதாகச் சீரானது. சேவையின் நிலையைக் காட்டும் பலகையும் எஸ்3-ஐ நம்பியே இருந்ததால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அதில் உண்மை நிலையைக் காட்ட முடியவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஓராண்டாக ஃபைலில் உட்கார்ந்திருந்த 8000. பல ஆண்டுகளாக அணையாத ஓர் அமைப்பு. எங்கள் சர்வர் 900 நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பயத்தைத் தருகிறது. அந்த 900 நாட்களில் டேட்டா பெருத்திருக்கும், அமைப்பு ஃபைலைப் பலர் தொட்டிருப்பார்கள், முதலில் நிறுவியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அது எழுமா என்று இன்று யாருக்கும் தெரியாது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்றும் உண்டு. 2014 செப்டம்பர் கடைசியில், ஸென் என்ற மென்பொருளில் ஒரு பாதுகாப்புக் குறை தெரிந்து, அமேசான் தன் இசி2 சர்வர்களில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றைச் சில நாட்களுக்குள் கட்டாயமாக ரீபூட் செய்தது. நெட்ஃபிளிக்ஸிடம் அப்போது 2700-க்கு மேற்பட்ட கசாண்ட்ரா டேட்டாபேஸ் சர்வர்கள் நடைமுறைப் பயன்பாட்டில் இருந்தன. அவற்றில் 218 ரீபூட் ஆயின. 22 எழவே இல்லை. அந்த 22-ஐயும் அவர்களுடைய தானியங்கி முறையே கண்டுபிடித்து, பெரும்பாலும் மனிதர் கை படாமலே அவற்றின் இடத்தில் புதியவற்றை அமர்த்திவிட்டது. படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அந்த வார இறுதியில் சேவை நிற்கவே இல்லை. அவர்களிடம் கேயாஸ் மங்கி என்ற நிரல் இருந்தது. வேலை நேரத்தில், எல்லோரும் விழித்திருக்கும்போது, ஓடும் சர்வர்களை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பதுதான் அதன் வேலை. டேட்டாபேஸ் சர்வர்களையும் அதிலிருந்து விலக்கவில்லை. எழாத சர்வரைச் சந்திப்பது அவர்களுக்கு அன்றாட வேலையாகியிருந்தது.

நம்மிடம் 2700 சர்வர்கள் இல்லை. ஒன்றோ இரண்டோதான். அதனால் ஒத்திகை நமக்குத்தான் இன்னும் அவசியம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் உங்கள் டேட்டாபேஸ் கடைசியாக எப்போது எழுந்தது என்று கேளுங்கள். மைஎஸ்கியூஎல்லில் ‘அப்டைம்’ சொல்லும். போஸ்ட்கிரெஸில் ‘போஸ்ட்மாஸ்டர் ஸ்டார்ட் டைம்’ சொல்லும். அதன் ஸ்னாப்ஷாட் ஒன்றிலிருந்து தனியாக ஒரு நகலை எழுப்புங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்த டிஸ்க் முதல் வாசிப்பில் மெதுவாகத்தான் இருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைச் சர்வரில் உள்ள அதே அமைப்புகளை அந்த நகலுக்கும் கொடுங்கள். பெரிய வேலை ஒன்றை அதில் ஓடவிட்டு, நடுவில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுகிறதா, எத்தனை நிமிடத்தில், முதல் கேள்விக்கு எப்போது பதில் தருகிறது, பூட்டுகள் எப்போது திறக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை இரவுப் பணியில் இருக்கும் தம்பி, தங்கைகளின் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.